கத்துவது டிடெக்டர், காரணம் ஊரின் மின்சாரம்

மெட்டல் டிடெக்டர் புதிதாக வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு வரவேற்பறையிலேயே அதை முடுக்கிப் பார்ப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் நடுவே நின்று பொத்தானை அழுத்தியதும் கருவி கத்தத் தொடங்கும். தண்டின் நுனியிலுள்ள தட்டை, அதாவது காயிலை, அசைக்காமல் பிடித்தாலும் கத்தும். திரையில் உலோகத்தின் வகையைச் சொல்லும் எண்கள் 3, 41, 87, மறுபடி 12 என்று ஓடும். தரையில் ஒரு காசைப் போட்டு மேலே ஆட்டினால், காசின் ஒலி எது, மற்ற ஒலி எது என்று பிரிக்கவே முடியாது. பழுதான கருவியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனம் நொந்து, வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பெரும்பாலும் கருவியில் ஒரு குறையும் இருக்காது. அந்த அறையில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள்: இன்வெர்ட்டர் ஏசி, குளிர்பதனப் பெட்டி, எல்இடி விளக்குகள், தொலைக்காட்சி, வைஃபை பெட்டி, கைப்பேசி சார்ஜர், சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு. இவற்றில் பெரும்பாலானவை உள்ளுக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துத்தான் வேலை செய்கின்றன. டிடெக்டர் காது கொடுத்துக் கேட்பதும் அதே பல்லாயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில்தான். போதாததற்கு, தரையிலும் சுவரிலும் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் வேறு. வீட்டுக்குள் வைத்து ஒரு டிடெக்டருக்குத் தீர்ப்பு சொல்வது நியாயமே இல்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கினாலும் மின்தூக்கியும் மின்னிணைப்பு அறையும் பக்கத்திலேயே இருக்கும். கட்டடங்களை விட்டு நன்றாக விலகிய திறந்த இடம் வேண்டும்.

சிங்கப்பூரில் கடற்கரை மணலில் காசும் நகையும் தேடும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவருக்கு மின் இரைச்சல் முதல் நாளிலிருந்தே துணைக்கு வரும். இங்கே எந்தக் கடற்கரையும் கட்டடத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வெகு தொலைவில் இல்லை. இரைச்சலைச் சமாளிக்கச் சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் கேட்கும் திறனை, குறைக்க வேண்டும் என்று சொன்னால், கருவி எட்டும் ஆழம் போய்விடுமே என்று பலர் பதறுகிறார்கள். அந்தப் பயத்தால்தான் அவர்கள் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு புரிய, கருவி எதைக் கேட்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

காயிலின் வேலை

டிடெக்டரின் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். அனுப்பும் சுருளில் மாறுமின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது. அந்தப் புலம் மணலுக்குள் கிடக்கும் மோதிரத்தைத் தொட்டதும், மோதிரத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. வாங்கும் சுருள் பிடிக்க வேண்டியது அந்தச் சிறிய புலத்தை மட்டும். அதனால்தான் இரண்டு சுருள்களையும் ஒன்றின் புலம் மற்றதில் ஏறத்தாழ முழுவதும் ரத்தாகிவிடும்படி பொருத்துகிறார்கள். டபுள்-டி காயிலில் இரண்டு ஆங்கில டி எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதுபோல் தெரிவது அந்தப் பொருத்தத்துக்காகத்தான்.

மோதிரத்திலிருந்து திரும்பி வரும் புலம் நினைத்துப் பார்க்க முடியாத அளவு சன்னமானது. ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தைக்குள் நின்றுகொண்டு, பத்துக் கடை தள்ளி ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற வேலை இது. வாங்கும் சுருளுக்கு எது மோதிரம், எது பக்கத்து விளக்கு என்று தெரியாது. காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் அது மின்னழுத்தமாகத்தான் மாறும்.

சரி, அப்படியென்றால் ஊரிலுள்ள எல்லா இரைச்சலும் உள்ளே வந்துவிட வேண்டுமே? வருவதில்லை. கருவி, தான் அனுப்பும் அதிர்வெண்ணை ஒட்டிய மிகக் குறுகிய பகுதியை மட்டும் கேட்கிறது. அந்தக் குறுகிய வாசலுக்குள் நுழையும் இரைச்சல் மட்டுமே தொல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

சிங்கப்பூரின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிடெக்டர் வேலை செய்வதோ 5,000, 10,000, 15,000 ஹெர்ட்ஸ் என்று எங்கோ மேலே. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தோன்றும். ஆனால் எல்இடி விளக்கின் மின்வழங்கியும் இன்வெர்ட்டரும் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கின்றன. அதனால் 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் பிறக்கின்றன: 100, 150, 200 என்று தொடங்கி, வலிமை குறைந்துகொண்டே ஆயிரக்கணக்கு வரை ஏறும். 15,000 என்பது 50-இன் 300ஆவது மடங்கு. உங்கள் டிடெக்டர் 15,003 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 15,000-இல் ஒரு சன்னமான இரைச்சல் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 3 ஹெர்ட்ஸ் கருவிக்குள் ஒரு மெதுவான ஏற்ற இறக்கமாகத் தோன்றும். காயிலைக் காசின் மேல் ஆட்டும்போது சமிக்ஞை ஏறி இறங்கும் வேகமும் ஏறத்தாழ அதேதான், நொடிக்குச் சில முறை. காசுக்கும் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் கருவி ஏமாறுவது இதனால்தான்.

அதிர்வெண்ணை 15,025-க்கு நகர்த்தினால் என்ன ஆகும்? இப்போது 15,000-மும் 15,050-மும் இரண்டு பக்கமும் 25 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றன. ஏற்ற இறக்கம் வேகமாகிவிடும், காசு அப்படி நடந்துகொள்ளாது என்று கருவி வடிகட்டிவிடும். நாய்ஸ் கேன்சல் என்ற பொத்தான் செய்வது பெரும்பாலும் இந்தச் சின்ன நகர்த்தலைத்தான். மைன்லேப் ஈகுவினாக்ஸ் போன்ற கருவிகளில் அதை அழுத்தினால், கருவி தன்னிடமுள்ள சேனல்களை, அதாவது சற்றே வேறுபட்ட அதிர்வெண்களை, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, அமைதியான ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சில நொடிகள் காயிலை அசைக்காமல், தேடும்போது பிடிப்பதுபோலவே பிடித்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்துப் பிடித்தால் அது வேறு இரைச்சலைக் கேட்டு முடிவெடுக்கும்.

ஒரு முறை அழுத்தினால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் கல்லில் செதுக்கியது அல்ல. நாடு முழுவதும் பயன்பாடு ஏறி இறங்க, அதுவும் மிகச் சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கும். 0.02 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் 300ஆவது மடங்கு 6 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். காலையில் அமைதியாக இருந்த சேனல் அரை மணி நேரத்தில் மறுபடி முனகத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். நகர்ந்து போகப் போக அவ்வப்போது அழுத்திக்கொள்வது நல்லது.

மண்ணுக்கு அடியில் ஓடும் ஊர்

அமெரிக்கக் காணொளிகளில் உயர் மின்னழுத்தக் கோபுரங்களைக் கண்டால் தள்ளிப் போங்கள் என்பார்கள். அந்த அறிவுரை இங்கே உதவாது. சிங்கப்பூரில் மின்கம்பிகள் தலைக்கு மேலே போவதில்லை, நிலத்துக்கு அடியில்தான் போகின்றன. முக்கியமான உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்கென்று சுமார் 60 மீட்டர் ஆழத்தில் சுரங்கப்பாதைகளே இருக்கின்றன. அந்த ஆழத்திலிருப்பவை நமக்குத் தொல்லை இல்லை. தெருவிளக்குக்கும் கழிவறைக் கட்டடத்துக்கும் உணவங்காடி நிலையத்துக்கும் போகும் சாதாரணக் கேபிள்கள்தான் காலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. மண் மூடியிருக்கிறதே, அது தடுக்காதா என்றால் தடுக்காது. இந்த அதிர்வெண்களில் காந்தப்புலத்துக்கு மணலும் மண்ணும் திறந்த கதவு. உண்மையில் தடுத்திருந்தால் டிடெக்டரே வேலை செய்திருக்காது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய புல்தரையின் ஓரம் இதை நேரில் காணலாம். ஒரு மாலை அங்கே விளக்குகள் எரியத் தொடங்கியதும் என் கருவி முனக ஆரம்பித்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமானத் தளங்களில் கேபிள் கண்டறியும் வேலை பார்ப்பவர், அருகில் வந்தார். "அண்ணே, அந்தக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவுல குறுக்கால மெதுவா நடங்க. காயிலப் படுக்க வச்சே நடங்க" என்றார். நடந்தேன். முனகல் ஏறியது, ஓரிடத்தில் சட்டென்று தணிந்தது, ஓரடி தாண்டியதும் மறுபடி ஏறியது. "தணிஞ்சுதுல்ல, அதுக்கு நேர் கீழதான் கேபிள். இப்ப அதே இடத்துல காயில நிமித்திப் பாருங்க." நிமிர்த்தியதும் கருவி அலறியது.

அவர் சொன்னதன் காரணம் எளியது. நீளமான கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் வளையம் வளையமாக நிற்கும். கம்பிக்கு நேர் மேலே அந்த வளையம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது, அதனால் படுக்க வைத்த காயிலின் ஊடாக அது நுழைவதில்லை. சற்றுத் தள்ளிப் போனால் சாய்ந்து நுழைகிறது. நிமிர்த்தினால் நேராகவே நுழைகிறது. கட்டுமானத் தளங்களில் மண் தோண்டும் முன் கேபிள் எங்கே போகிறது என்று பார்க்கும் கருவிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. சிங்கப்பூரில் அந்த வேலையைச் செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உயிருள்ள கேபிளை மண்வெட்டியால் வெட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்தவர்களின் சட்டம் அது. அதனால் கம்பத்தருகே இப்படிப்பட்ட ஓசை கேட்டால் அங்கே தோண்டவே கூடாது. எப்படியும் பூங்காப் புல்தரையைத் தோண்டுவது சரியல்ல. மணலில் தேடுவதென்றாலும் அந்த இடத்தைப் பராமரிப்பவர்களிடம், பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம், முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் முறை.

எம்ஆர்டி ரயில் பாதைக்கு அருகே இரைச்சல் வேறு மாதிரி வரும். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் ரயிலுக்கு மின்சாரம் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரமாகப் போகிறது. நேர்மின்சாரம் தானாகத் தொல்லை தராது. ரயிலுக்குள் அதைத் துண்டித்து மோட்டாருக்குக் கொடுக்கும் இன்வெர்ட்டர்தான் இரைச்சலைக் கிளப்புகிறது. ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஏறி, போன பிறகு இறங்கும் இரைச்சல் என்றால் ஆராயவே தேவையில்லை, அரை நிமிடம் நின்றால் போதும். சாங்கி கடற்கரையில் சில வினாடிகளுக்கு ஒரு முறை மாறாத தாளத்தில் ஒரு சொடுக்கு கேட்டால், சுழலும் ரேடாரைச் சந்தேகிக்கலாம்.

பிறகு, நம் சட்டைப்பைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. கைப்பேசியின் அலைவரிசை கோடிக்கணக்கான ஹெர்ட்ஸ், டிடெக்டருக்கு வெகு தொலைவு. ஆனாலும் அது தொடர்ந்து பேசுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் பேசுகிறது. அந்தத் துடிப்பும் உள்ளிருக்கும் மின்வழங்கியும் காயிலுக்கு எட்டுகின்றன. பழைய 2ஜி கைப்பேசிகள் வானொலிப் பெட்டிக்கு அருகே வந்தாலே 'டிட்-டிட்-டிட்' என்று கேட்குமே, அது நொடிக்கு 217 துடிப்பு. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது, அந்த ஓசையும் அதோடு போயிற்று. இன்றைய கைப்பேசிகள் அவ்வளவு மோசமில்லை, ஆனால் காயிலுக்கு அருகில் குனியும்போது இன்னும் கேட்கிறது. ஃப்ளைட் மோடில் போட்டு முதுகுப்பைக்குள் வைத்தால் பிரச்சினை முடிந்தது.

மிகத் தொலைவிலிருந்து வருவதும் உண்டு. திருநெல்வேலிக்கு அருகே விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. அதன் கோபுரங்கள் 471 மீட்டர் உயரம். அங்கிருந்து போகும் அலைகளில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ், அதாவது டிடெக்டர்கள் குடியிருக்கும் அதே தெரு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலும் 19.8 கிலோஹெர்ட்ஸில் இப்படி ஒரு நிலையம் இருக்கிறது. மிகத் தாழ்ந்த இந்த அலைகள் கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கும், பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். இரண்டு நிலையங்களும் சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நம் மணலில் அவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் விளக்குக் கம்பம், கட்டடம் எதுவுமே இல்லாத இடத்தில் நின்றாலும் காயிலுக்கு முழு அமைதி கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரைச்சலா, உப்பா, காசா?

கருவி கத்தியதும் எல்லாப் பழியையும் மின்சாரத்தின் மேல் போடுவதும் தவறு. இங்கே மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒரே மாதிரி ஒலிக்கும்.

காயிலைத் தரைக்கு மேலே அசைக்காமல் நிறுத்துங்கள். சத்தம் நின்றால் அது மின் இரைச்சல் இல்லை. நிற்காவிட்டால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, காயிலைச் செங்குத்தாகப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் ஏறி மற்றொரு திசையில் இறங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது. எந்தப் பக்கம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

அலை வந்து போகும் ஈர மணலில் மட்டும் கத்துகிறது, உலர்ந்த மணலுக்கு வந்ததும் அடங்குகிறது என்றால் அது உப்புநீரின் வேலை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அதுவே ஒரு பெரிய உலோகத் தகடுபோல் கருவிக்குத் தோன்றுகிறது. காயிலின் உயரமும் சாய்வும் மாறும்போதெல்லாம் ஒலியும் மாறும். அதற்கான மருந்து வேறு: மண்ணின் சமிக்ஞையைக் கழித்துவிடும் கிரவுண்ட் பேலன்ஸ், கடற்கரை மோட், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்கும் முறை.

மூன்றாவது, நம் சில்லறைக் காசே. 2013-இல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்களில் 10, 20, 50 காசுகள் முலாம் பூசிய எஃகு. 1985-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் அதே மதிப்புள்ளவை செம்பும் நிக்கலும் கலந்தவை. பழைய காசு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும். புதியது, எஃகு என்பதால், ஒரு பக்கத்திலிருந்து ஆட்டும்போது ஓர் எண்ணும் மறுபக்கத்திலிருந்து வேறோர் எண்ணும் காட்டக்கூடும். எண் தாவுகிறது என்பதாலேயே இரைச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே இடத்தில், ஒவ்வோர் ஆட்டலிலும் ஒலி திரும்பி வந்தால் அங்கே ஏதோ கிடக்கிறது. இரைச்சலுக்கு இடம் கிடையாது. அது ஒரு முறை இங்கே, மறுமுறை முழங்கை தள்ளி அங்கே என்று அலையும்.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் எவ்வளவு போகும்?

கைப்பேசியை அடக்கியாயிற்று, நாய்ஸ் கேன்சல் பார்த்தாயிற்று. இன்னும் முனகினால் அடுத்து அதிர்வெண்ணையே மாற்றலாம். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் கேட்கும் கருவி, பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. இரைச்சலுக்கும் அத்தனை வழி. உலர்ந்த மணலில், கட்டடங்கள் நெருங்கிய இடத்தில், ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறினால் சில நேரம் ஆச்சரியமாக அடங்கிப்போகும். ஈர மணலில் அப்படிச் செய்ய முடியாது, உப்பைச் சமாளிக்கப் பல அதிர்வெண் தேவை. சிறிய காயில் இருந்தால் அதை மாட்டிப் பார்க்கலாம். பரப்பு குறைந்தால் அது வாரிக்கொள்ளும் இரைச்சலும் குறையும். காயிலின் கம்பி தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். தொங்கி ஆடும் கம்பி தானாகவே போலிச் சத்தம் உண்டாக்கும்.

எல்லாவற்றுக்கும் பிறகுதான் சென்சிட்டிவிட்டி. இப்போது அந்தக் கணக்கு.

அனுப்பும் சுருளின் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாக மெலியும். தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். மோதிரத்தில் பிறக்கும் சிறிய புலமும் திரும்பி வரும் வழியில் அதே போல எட்டில் ஒரு பங்காகும். போகவும் வரவும் சேர்த்தால், ஆழம் இரட்டிப்பானால் சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்கு. காயிலின் அகலத்தைவிட ஆழத்தில் கிடக்கும் சிறிய பொருளுக்கு இந்த விதி நன்றாகவே பொருந்தும்.

இதைத் திருப்பிப் படியுங்கள். ஆழம் சற்றே கூடினாலும் சமிக்ஞை படுபாதாளத்துக்குப் போகிறது என்றால், கருவியின் கேட்கும் திறனைக் கணிசமாகக் குறைத்தாலும் ஆழத்தில் சற்றுத்தான் இழப்போம். 28 சென்டிமீட்டர் அகலமுள்ள வழக்கமான காயிலில், 25 சென்டிமீட்டர் ஆழத்தில் கடைசியாகக் கேட்கக்கூடிய ஒரு காசை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி சமிக்ஞையைப் பெரிதாக்கும் அளவை, அதாவது பெருக்கத்தை, சரிபாதியாகக் குறைத்தால் அதே காசு சுமார் 21 சென்டிமீட்டரில் கேட்கும். நான்கு விரல்கடை கூட இல்லை. திரையிலுள்ள எண்ணைப் பாதியாக்கினால் பெருக்கம் பாதியாகும் என்று பொருள் அல்ல, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

மறுபக்கத்தைப் பாருங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்து, முனகலோடு தேடுகிறவருக்கு 25 சென்டிமீட்டர் கிடைக்கிறதா? கிடைப்பதில்லை. 15 சென்டிமீட்டரில் கிடக்கும் காசின் ஒலியைக் கூட அவர் காது நம்ப மறுக்கும், ஏனென்றால் அதே மாதிரி ஓசையைக் கடந்த பத்து நிமிடமாகக் கேட்டு அவர் சலித்திருப்பார். ஆழம் என்பது கருவிக்குள் மட்டும் இல்லை. ஒரு மெல்லிய ஒலி கேட்டதும் நின்று குனியத் தோன்றுகிறதே, அந்த நம்பிக்கைக்கு அமைதி வேண்டும். நான் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாக இறக்குவேன். காயிலை அசைக்காமல் பிடித்தால் எப்போதாவது ஒரு சொடுக்கு, அவ்வளவுதான் என்ற நிலை வந்ததும் நிறுத்திவிடுவேன். முழு அமைதி வரை இறக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில், சில வகை உலோகங்களின் ஒலியை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைக் கூட்டி இரைச்சலை அடக்கலாம் என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். டிஸ்கிரிமினேஷன் இரைச்சலைக் குறைப்பதில்லை, உங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறது. உள்ளே கருவி இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குழப்பத்துக்கு நடுவே வரும் நல்ல சமிக்ஞையும் சேர்ந்து வாய் மூடப்படும். காதில் அமைதி, மணலில் மோதிரம் அப்படியே. வேண்டாத உலோகத்தை ஒதுக்கத்தான் அந்த வசதி.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளை, அதாவது தொடர் அலைக்குப் பதில் விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்புபவற்றை, வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். அவை ஒரு குறுகிய வாசலைக் கேட்பதில்லை, அகலமாகத் திறந்து வைத்துக் கேட்கின்றன. ஈர மணலில் அவற்றின் ஆழம் அபாரம், ஆனால் கட்டடங்களுக்கு அருகே படும் பாடு அதிகம். எட்டு வடிவத்தில் எதிரெதிராகச் சுற்றிய காயில்கள் அவற்றுக்கென்றே உண்டு. தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு பாதியிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வானத்திலிருந்து வரும் சொடுக்கு

குறைக்க முயலவே கூடாத இரைச்சல் ஒன்று உண்டு. மின்னல் வெட்டும்போது வெளிப்படும் அலைகளின் வலிமை பெரும்பாலும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் குவிந்திருக்கிறது. டிடெக்டருக்கு அது மிக நன்றாகக் கேட்கும். ஒழுங்கான தாளம் இல்லாமல், எல்லா எண்களிலும், 'சடக்... சடசட... சடக்' என்று ஹெட்ஃபோனில் ஒலித்தால், இடி காதில் விழுவதற்கு முன்பே அது மின்னலாக இருக்கலாம். உலகிலேயே மின்னல் அதிகம் வெட்டும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழையோடு அது சகஜம். விடியற்காலையில் தேடப் போகிறவர்களுக்கு சுமத்ராவிலிருந்து பாய்ந்து வரும் புயற்காற்று வேறு.

வெட்டவெளி மணலில் கையில் தண்டோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். அந்தச் சொடுக்கு கேட்டதும் சென்சிட்டிவிட்டியைத் தொடாதீர்கள். கருவியை அணைத்துவிட்டு, மைஎன்வி செயலியில் வானிலையைப் பார்த்துவிட்டு, மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கருவி அமைதியாக இருக்கிறதே என்று மின்னல் இல்லை எனக் கொள்வதும் ஆபத்து. அது எச்சரிக்கைக் கருவி அல்ல.

தொலைந்த நகையைத் தேடும்போது

இவ்வளவும் உண்மையில் பயன்படுவது, யாராவது கடற்கரையில் நகையைத் தொலைத்துவிட்டுக் கூப்பிடும்போது. உதவிக்கு இரண்டு மூன்று பேர் கருவியோடு வந்துவிடுவார்கள், அதுவும் ஒரே மாடலோடு. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு டிடெக்டர்கள் பக்கம் பக்கமாக ஓடினால், எந்த விளக்குக் கம்பமும் செய்யாத இரைச்சலை அவை ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும். முதலில் ஒருவர் நாய்ஸ் கேன்சல் பார்க்கட்டும். அவர் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பார்க்கட்டும். அப்போதுதான் இரண்டாவது கருவி முதல் கருவியின் சேனலைத் தவிர்க்கும். இடையில் 10, 15 மீட்டர் விட்டு, ஆளுக்கொரு பட்டையாக மணலைப் பிரித்துக்கொண்டால் நல்லது. குழிக்குள் பொருள் கிடக்கும் இடத்தைக் காட்டும் கைக்கருவியான பின்பாயிண்டரைத் தோண்டும்போது மட்டும் போட வேண்டும். அதுவும் ஒரு குட்டி டிடெக்டர்தான்.

மோதிரம் நேற்று விழுந்தது என்றால், உலர்ந்த மணலில் அது ஆழமாகப் போயிருக்காது, பெரும்பாலும் ஒரு சாண் மணலுக்குள்தான் கிடக்கும். அங்கே சென்சிட்டிவிட்டியைத் தாராளமாக இறக்கலாம். தாலிக்கொடியோ மெல்லிய சங்கிலியோ என்றால் விஷயம் வேறு. சங்கிலி எத்தனை சவரன் என்பது கருவிக்குப் பெரிதில்லை. சுழல் மின்னோட்டம் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குச் சரியாகத் தாண்டாததால், நீளமான சங்கிலி அதற்குத் தனித்தனிச் சிறு வளையங்களாகத்தான் தெரியும். கொடியில் கோத்த தாலி, காசு, குண்டு, கொக்கி போன்ற முழு உருவங்கள்தான் சத்தம் கொடுக்கும். அவ்வளவு சிறிய தங்கத்துக்கு 20 அல்லது 40 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் நன்றாக வேலை செய்யும். இன்வெர்ட்டர்களும் மின்வழங்கிகளும் இரைவதும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். அதனால் சங்கிலி தேடப் போகும்போது விளக்குகள் எரியும் மாலையைத் தவிர்த்து, வெளிச்சம் வந்து அவை அணைந்த பிறகு காலையில் போகச் சொல்வேன். காயிலை மணலை உரசாத குறையாகத் தாழ்த்தி, ஒவ்வோர் ஆட்டலும் முந்தையதில் பாதியை மறுபடி மூடும்படி, மெதுவாக.